அத்தானின் ஆட்சேபணை

ஒரு ஜெபம் முடிந்து வீடு முழுக்க ஆமென் சொன்னபோது, "ஆட்சேபிக்கிறேன்" என்று சொன்ன மனிதர் எங்கள் சபையில் ஒருவர்தான். அவர் என் அக்கா லீலாபாயின் புருஷன் அருமைநாயகம். சொன்ன இடம் எங்கள் வீட்டுக் கூடம். சொன்ன காலம் லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போதகர். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அத்தானைக் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் கோமாளி இல்லை. ஆகையால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

அத்தானுக்கு ஊர் இரணியல் பக்கம். மராமத்து இலாகாவில் டிராப்ட்ஸ்மேன் வேலை கிடைத்துத் திருவனந்தபுரத்துக்கு வந்தவர், தைக்காட்டில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து அக்காவைக் கூட்டி வந்தார். எனக்கு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் குமாஸ்தா வேலை ஆனதும் நானும் அந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லாத குறையைத் தீர்க்க நான் போதும் என்று அக்கா சொல்லுவாள். அது பாராட்டா திட்டா என்று நான் விசாரித்ததில்லை.

அத்தான் பகலெல்லாம் சர்க்காருக்குப் பாலமும் கலுங்கும் வரைவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோயில் வரைவார். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு பள்ளிக்கூட ஹாலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரவல் வாங்கி ஆராதனை நடத்தினோம். பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவது, கரும்பலகையைத் துணியால் மூடுவது, முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைப்பது என்று ஆராதனைக்கு முன்னும் பின்னும் சுமட்டுக்காரர் வேலைதான். ஒருமுறை கரும்பலகைத் துணி காற்றில் விலகி, போதகரின் தலைக்குப் பின்னால் ஒரு பெருக்கல் கணக்கு தெரிந்தது. பிரசங்கம் முடிவதற்குள் பாதிப்பேர் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தான் அவமானத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை.

சபைக்கென்று ஒரு மனை மட்டும் வாங்கிப் போட்டிருந்தோம். அந்த மனையில் எழும்பப் போகிற கோயிலை அத்தான் ஆண்டுக்கணக்காக வரைந்துகொண்டிருந்தார். கோபுரம், மணி, உயரமான ஜன்னல்கள், பாடகர் குழுவுக்குத் தனி மாடம், வாசலுக்கு மேலே வளைவில் தமிழில் ஒரு வசனம். ஒரு வருஷம் கோபுரம் வளரும், அடுத்த வருஷம் மாடம் அகலும். சபைச் செயலாளரும் அவரே ஆனதால் எந்தக் கமிட்டி கூடினாலும் கோயில் படம் மேஜையில் விரிந்துவிடும். அந்தக் கோயிலைக் கட்டி, அதில் தமிழ் ஆராதனை கேட்டு, அதிலிருந்தே தன்னைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வேறு ஆசை அவருக்கு இருந்து நான் பார்த்ததில்லை, வறுத்த சாளை மீனைத் தவிர.

ஐம்பத்தாறாம் வருஷம் பிறந்தபோது அந்த ஆசைக்கு வேட்டு வந்தது. தெற்கே எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ்த் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப் போகின்றன என்பது உறுதியாகிவிட்டது. எங்கள் சபையில் பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள்தான், சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறவர்கள். யார் யார் ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போவார்கள், யார் இங்கேயே இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் சத்தியதாஸ் சார் ஒரு கமிட்டியில் எழுந்து, "இனி நமக்குத் தனிக் கோயில் எதுக்காக்கும்? மலையாள சபையோட சேர்ந்திடலாம்" என்றார்.

சத்தியதாஸ் சார் ஹைஸ்கூல் வாத்தியார். அத்தானோடு ஒன்றாகத் திருவனந்தபுரம் வந்தவர், ஒன்றாகச் சபைக்குப் பெஞ்சு சுமந்தவர். அவர் வாயிலிருந்து அது வந்ததைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நடந்த வாக்குவாதத்தில் மேஜை மேலிருந்த மை கொட்டிப் படத்தில் மணிக்கூண்டு நீலமாகிவிட்டது.

அப்போதுதான் போதகர் ஞானசிகாமணி ஐயா குறுக்கே விழுந்தார். எங்கள் பெரியவர்கள் காலத்தில் லெந்து என்று பெரிதாக ஒன்றும் அனுசரித்ததில்லை. நாற்பத்தேழில் எங்கள் மிஷன் சபையும் மற்றச் சபைகளும் ஒன்றான பிறகு எங்களிடம் மெல்ல வந்து சேர்ந்த வழக்கம் அது. போதகர் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். "லெந்து தொடங்குது. ஈஸ்டர் கழியுறது வரைக்கும் கமிட்டி கிடையாது. கோயில் விஷயம் ஒருத்தரும் வாயெடுக்கப்பிடாது. வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் மட்டுமாக்கும். ஈஸ்டர் கழிஞ்ச ஞாயிற்றுக்கிழமை கூடுவோம், அன்னைக்குத் தீர்மானம்" என்று அறிவித்தார். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

எங்களுக்கு ஜெபம் என்றால் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது அல்ல. மனதில் வந்ததை வாய்விட்டுச் சொல்லுவது. ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லுவார்கள். முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்பார்கள். பேசக் கூடாது என்று போதகர் சொன்ன விஷயத்தை ஆண்டவரிடம் பேசக் கூடாது என்று யார் தடுக்க முடியும்?

முதல் கூட்டத்திலேயே அத்தான் ஆரம்பித்தார். "அன்பின் பரலோக பிதாவே, கிழக்கு பார்த்த மனையை எங்களுக்குத் தந்தீர், ஸ்தோத்திரம். அதில் உம்முடைய ஆலயம் எழும்பட்டும். ஜன்னல்கள் உயரமாக இருந்தால் கடல்காற்று நன்றாக வரும் என்பதை நீர் அறிவீர். எங்களில் சிலர் அதை அறியாதிருக்கிறார்கள். அவர்கள் கண்களைத் திறந்தருளும்."

அடுத்த முறை சத்தியதாஸ் சார். "ஆண்டவரே, கல்லையும் மரத்தையும் பார்க்காமல் எங்கள் பிள்ளைகளைப் பாரும். அவர்கள் உம்முடைய வேதத்தைத் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பாதி ஜனம் தெற்கே போன பிறகு காலிக் கோயிலில் காற்று வந்து யாருக்கு ஆகப் போகிறது என்று யோசிக்கிற புத்தியைச் சில சகோதரர்களுக்குக் கட்டளையிடும்."

இப்படியாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது. இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்தார்கள். தன் கட்சி ஜெபத்துக்கு ஓங்கி ஆமென், எதிர்க்கட்சி ஜெபத்துக்கு முணுமுணுப்பு. ஆமென் சத்தத்தை வைத்தே யார் பக்கம் எத்தனை பேர் என்று அத்தான் மனதில் கணக்கு வைத்துக்கொண்டார். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் ஆர்மோனியக்காரன். ஜெபம் எப்போது முடியும், பாட்டு எப்போது எடுக்க வேண்டும் என்று பார்க்க வேண்டியதால் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கண்ணை மூடிய பக்தர்களின் முகத்தில் என்னவெல்லாம் ஓடும் என்பதை நான் பார்த்த அளவு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு முறை வந்தது. லெந்து என்பதால் வீட்டில் மீன் இல்லை. மீன்காரி தினமும் வாசலில் வந்து கூவிவிட்டுப் போவாள், அத்தான் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். மரச்சீனிக் கிழங்கும் சுக்குக் காப்பியுமாக அக்கா தயார் செய்திருந்தாள். கூடத்தில் பாய் விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சத்தியதாஸ் சார் ஜெபம் செய்தார். வழக்கமான கட்சி வாதம்தான், ஆனால் அன்று குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அத்தான் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தன் முறைக்குப் பதில் தயாரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சார் முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அதில் அக்காவின் குரல் ஓங்கிக் கேட்டது.

அத்தான் திடுக்கிட்டார். பெண்டாட்டியே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டால் யாருக்குத்தான் தலை சுற்றாது. கண்ணை மூடியபடியே, கமிட்டியில் சொல்லுகிற அதே தெளிவான குரலில், "ஆட்சேபிக்கிறேன்" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தான் கண்ணைத் திறந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போதகர் உடனே கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து சொன்னோம். குற்றங்களை மன்னிக்கும் வரி வந்தபோது அத்தானின் குரல் நின்றுவிட்டது.

காப்பி குடிக்காமலே ஜனம் கலைந்தது. போதகர் மட்டும் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றார். "நான் கமிட்டி கூடப்பிடாதுன்னு சொன்னேன். நீங்க ஆண்டவரை சேர்மனாப் போட்டுக் கூட்டம் நடத்திட்டிய. உங்களை மட்டும் சொல்லல்ல, எல்லாரையும்தான் சொல்லுதேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தானுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் வருத்தமாகச் சொன்னார்.

அத்தான் உள்ளே வந்து அக்காவைப் பிடித்தார். "நீயும் அவனுக்கு ஆமென் சொன்னியா?"

அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "சொன்னேன்."

"அப்போ கோயில் வேண்டாம்னு ஆச்சு, இல்லியா?"

"அவரு கடைசியா என்ன சொன்னாரு, தெரியுமா?"

அத்தான் விழித்தார்.

"எங்களைப் பிரிக்காதேயும் ஆண்டவரேன்னு சொன்னாரு. குரல் இடறிச்சு. அதுக்காக்கும் ஆமென் சொன்னது. நீங்க கேக்கல்ல. அடுத்தாப்ல என்ன சொல்லணும்னு யோசிச்சிட்டு இருந்திய." அக்கா பாயைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினாள். "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. உங்க ஜெபத்துல ஜன்னல் இருக்கு, மணி இருக்கு, மாடம் இருக்கு. மனுசர் ஒருத்தரும் இல்ல."

அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே சுருக்கென்றது. அத்தான் கோயில் படத்தைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தார்.

அதன் பிறகு வந்த கூட்டங்களில் அவர் வாய் திறக்கவில்லை. அவர் முறை வந்தால், "எனக்கு வரல்ல, அடுத்தவங்க பண்ணட்டும்" என்பார். வெட்கத்தால் அப்படிச் சொல்லுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் உண்மையாகவே ஜெபிக்கப் பார்த்திருக்கிறார், கண்ணை மூடினால் ஜன்னல்தான் வந்திருக்கிறது. "பயமா இருக்கு மாப்ளே" என்று ஒரு நாள் ஆபீசுக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த இரக்கத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல், வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் நெருங்கியது. அன்றைக்கு, ஆண்டவரின் கடைசிப் பந்தியை நினைத்து அப்பமும் ரசமும் பெறுகிற இராப்போஜன ஆராதனை. மனஸ்தாபத்தோடு அதில் பங்கெடுக்கக் கூடாது. முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது எங்கள் பழக்கம். புதன்கிழமை சாயங்காலம் அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு, "துணைக்கு வாடே" என்றார். வஞ்சியூரில் சத்தியதாஸ் சார் வீடு. வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். படி ஏறினதும் எல்லாம் மறந்துபோய், "சாரே, நான் வந்திருக்கேன்" என்றார்.

"கண்டேன். உக்காரும்" என்றார் சார். அவருக்கும் வேறொன்றும் வரவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தார்கள். நல்ல வேளையாக அது அவர்கள் வீட்டில் குடும்ப ஜெப நேரம். சாரின் மகள் ரத்னாபாய் அப்போதுதான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்திருந்தாள். தாயில்லாத பெண், நர்ஸ் வேலை பார்க்கிறவள். "அவ ஜெபம் பண்ணட்டும், பின்னே பேசலாம்" என்றார் சார்.

அவள் முழங்கால் போட்டு மலையாளத்தில் ஜெபித்தாள். "கர்த்தாவே, பிரசவ வார்டிலெ அம்மிணிக்கு இன்னு ராத்திரி நல்ல உறக்கம் கொடுக்கணமே. காலொடிஞ்ச ராகவன் சேட்டனெ தைரியப்படுத்தணமே" என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் யாரோ, எங்கள் சபைக்குச் சம்பந்தமில்லாதவர்கள். கடைசியில், "அருமைநாயகம் மாமன் வெஷமிச்சிருக்குந்நு. மாமனெ ஆஸ்வசிப்பிக்கணமே" என்றாள்.

மாமா வருத்தத்தில் இருக்கிறார், ஆறுதல் கொடும் என்று அந்தப் பெண் கேட்கிறாள். எங்கள் கட்சிக்காரர்கள் ஒருவர்கூட அவருக்காக அப்படிக் கேட்கவில்லை. நான் கண் திறந்திருந்தேன். அத்தான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்து ரத்னாபாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "மாமா, ஒரு காரியம் கேக்கட்டா? தப்பா நினைக்கப்பிடாது."

"கேளு மோளே."

"மாமாவுக்கப் பிளானில எனக்கு இருக்க எடமுண்டா? எனக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. பாட்டுப்புஸ்தகத்தைச் சும்மா தொறந்து வச்சிட்டு நிக்கேன். வாசலுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னுகூட யாராவது சொல்லித் தரணும்."

அத்தான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். பிறகு சாரைப் பார்த்து, "நீரு இவளுக்காகவாக்கும் சேரலாம்னு சொன்னது. அதை நேரா சொல்லப்பிடாதா?" என்றார்.

"நேரா சொல்ல நீரு எங்க விட்டீரு? படத்தை விரிச்சிட்டீருல்லா" என்றார் சார்.

அதோடு தீர்ந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் இராப்போஜனத்துக்கு அடுத்தடுத்து முழங்கால் போட்டார்கள்.

ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. போதகர் கவலையோடுதான் வந்தார். வந்தவர் இன்னும் பெரிய தொந்தரவில் மாட்டினார். அத்தான் எழுந்து, "பெரிய கோயில் வேண்டாம். சின்னதா ஒரு ஹால் போதும். பிள்ளைகளுக்கு மலையாளத்தில் ஆராதனை வைக்கணும்" என்றார். சத்தியதாஸ் சார் எழுந்து, "அப்படி விடப்பிடாது. காலை ஆராதனை தமிழ்தான். நம்ம பாட்டெல்லாம் எங்க போகும்?" என்றார். இவர் அவர் கட்சி பேச, அவர் இவர் கட்சி பேச, விட்டுக்கொடுப்பதிலும் சண்டை போட முடியும் என்பதை அன்று கண்டேன். கடைசியில் காலையில் தமிழ், மாலையில் மலையாளம், மனையில் இப்போதைக்கு ஒரு சிறு ஹால் என்று தீர்மானமாயிற்று. அன்று வீட்டுக்கு வந்து அத்தான் அந்தப் பழைய படத்தை விரித்துப் பார்த்து, இரண்டாவது முறையாகச் சுருட்டி வைத்தார். புதுத்தாளில் ஒரு சின்ன ஹாலை வரைந்தார். வாசலுக்கு மேலே இரண்டு மொழிக்கும் இடம் விட்டார். அவருக்கு வருத்தம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கோபுரத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஹாலுக்கு அஸ்திவாரம் எழும்பியபோது மாற்றல் உத்தரவுகள் வர ஆரம்பித்தன. அத்தான் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். சத்தியதாஸ் சார்தான் போக வேண்டியதாயிற்று. நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூடம். ரத்னாபாய்க்கு வேலை இங்கே. "எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று அக்கா சொன்னாள், யாரையும் கேட்காமல். அத்தான் அன்றைக்கே வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பறையில் கிடந்த படச்சுருள்களை அள்ளி வெளியே போட்டு, அங்கே ஒரு கட்டிலைப் போட்டார்.

அக்டோபர் கடைசியில், சார் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் கூடத்தில் மறுபடி ஜெபக்கூட்டம். பெட்டிகளெல்லாம் முன்னாடியே லாரியில் போய்விட்டன. சார் ஜெபம் செய்தார். கட்சி ஒன்றும் இல்லாத ஜெபம். இந்தப் பட்டணத்தில் வாழ வைத்ததற்கு ஸ்தோத்திரம், தன் மகளுக்கு ஒரு வீடு தந்ததற்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டு வந்து, "இங்கே எங்களுக்குக் கொடுத்த காலம் முடிந்தது ஆண்டவரே. உமது அடியானைச் சமாதானத்தோடே அனுப்பிவிடும்" என்று முடித்தார்.

ஆமென் என்றார்கள் எல்லோரும். அக்கா சொன்னாள், ரத்னாபாய் அழுதுகொண்டே சொன்னாள், போதகர் சொன்னார். அத்தான் மட்டும் சொல்லவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, கண்ணை மூடியபடியே, மெல்லிய குரலில் சொன்னார்.

"ஆட்சேபிக்கிறேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சத்தியதாஸ் சார் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவி, அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பாட்டை எடுக்க வேண்டிய நேரம் அது. ஆர்மோனியத்தில் கை வைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.